அப்பாவுக்குப் பிடித்த குரல்

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் அப்பாவுக்குப் பிடித்த பாடகியின் ஆல்பத்தைப் போட்டார். முதல் பாட்டிலேயே நான் சேரப்பணஞ்சேரி வீட்டுக்குப் போய்விட்டேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியில் அந்தப் பாடகி ஆல்பம் முழுவதையும் டிவியில் பாடினாள். கொசு கடித்தாலும் பரவாயில்லை என்று அப்பா ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்டார். மறுநாளே சிடி வாங்கி வந்தார். நானும் கூடவே பாடினேன்.

"நீ சும்மா இரு. அது பாடிகினு கீது இல்ல?" என்றார் அப்பா.

"நம்ம பொண்ணுந்தான் சர்ச்சுல பாடுது. ஒரு நாளாவது இப்பிடி கேட்டியா?" என்றாள் அம்மா.

அப்பா சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

பக்கத்து சீட்டுத் திருநெல்வேலிப் பெண், "என்ன கொரலுக்கா" என்றாள். இத்தனை வருடமாக அந்தக் குரலில் ஒரு பிசிறாவது கிடைக்குமா என்றுதான் கேட்கிறேன். இன்றும் கிடைக்கவில்லை.