ஞாயிற்றுக்கிழமை கல்லறை திறக்காது

சிதம்பரத்தில் நான் ஏறிய பஸ், கடலூருக்கு முன்னால் ஒரு சிற்றூரில் நின்றுவிடுகிறது. நடுரோட்டில் பெஞ்சு போட்டுச் சவப்பெட்டியை வைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் ஒரு பெண் முந்தானையால் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறாள். எதிரே கல்லறைத் தோட்டத்தின் கேட்டில் பேரூராட்சிப் பூட்டு தொங்குகிறது. அதை ஒட்டியே சர்ச். நடுவில் புதுச் சுவர்.

இறங்கிப் போய், சிலுவையைப் பிடித்து நிற்பவரிடம் விசாரிக்கிறேன்.

"சர்ச்சு, கல்லறை எல்லாம் பேரூராட்சி பேர்லதான் இருந்துச்சு சார். பிரிச்சுக் குடுங்கன்னு கேஸ் போட்டு ஜெயிச்சோம். சர்ச்சு எங்களுக்கு, கல்லறை அவுங்களுக்குன்னு தீர்ப்பு. இன்னைக்கு அவுங்க ஆபீஸ் லீவு."

எனக்கு எரிச்சல் வருகிறது. "இதெல்லாம் யோசிக்காமலா கேஸ் போட்டீங்க?"

அவர் பெட்டியைக் காட்டுகிறார்.

"போட்டவரு இவருதான். கேளுங்க."