சுவருக்குப் பத்தாமல் போன குழாய்

மெட்ராஸில் ஒருவர் வீட்டுத் தரையைச் சூடாக்கப் பாடுபட்டார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். வெறுங்காலை வைத்தால் கொப்பளம் போடுகிற ஊர் இது. ஆனாலும் ராயபுரத்தில், எங்கள் வீட்டுத் தரைக்கு அடியில் ஒரு மழைக்காலம் முழுக்க வெந்நீர் ஓடியது. ஓட விட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

எனக்கு அப்போது ஏழு வயது. மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஐப்பசியில் தங்கை இரண்டு மாதம் முந்திக்கொண்டு பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலேயே அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். பிழைக்காது என்று பயப்படுகிற குழந்தைக்குத்தான் அப்படிக் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. கேக் இல்லாமல், பூப்போட்ட கவுன் இல்லாமல் காரியத்தை முடித்துவிட்டார்களே என்று அவளுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். குழந்தையின் உடம்புச் சூடு இறங்கவே கூடாது, நாற்பது நாள் தாண்டிவிட்டால் பயமில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டிலோ மழை வந்தால் சுவர் வியர்க்கும், தரை ஈரம் கோத்துக்கொண்டு ஜில்லிட்டுக் கிடக்கும்.

மாமா துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் குழாய் வேலை செய்தார். குளிர் தேசத்துக் கப்பலில் தரைக்குள்ளும் சுவருக்குள்ளும் வெந்நீர்க் குழாய் ஓடுவதைப் பார்த்தவர்.

"இன்னா மாமு, கப்பல்ல தொரைக்குப் பண்றத நம்ம பாப்பாவுக்குப் பண்ணக்கூடாதா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா கடப்பாரையை எடுத்துக் கொடுத்தார்.

அம்மாவும் பாப்பாவும் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களுக்குள் வேலை நடந்தது. காயலான் கடையில் தேடிப் பிடித்த செப்புக் குழாய்தான் மூலதனம். அதற்கு மேல் ஒரு சாண்கூட அந்தக் கடையில் கிடையாது. கொல்லையில் பள்ளம் தோண்டி, அதில் மரத்தூள் அடுப்பை இறக்கி, மேலே மூடிய பீப்பாய் ஒன்றை வைத்தார். சுட்ட தண்ணீர் தானாக மேலேறித் தரைக்குள் ஓடும், ஆறியதும் தானாகப் பீப்பாய்க்கே இறங்கும், மோட்டார் எதுவும் வேண்டாம் என்றார். எனக்குப் புரிந்ததுபோல் தலையை ஆட்டினேன்.

தரையை வெட்டுவதற்கு முன்னால் சாக்கட்டியால் அம்மா படுக்கும் இடத்தைக் கட்டம் கட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "எங்க, படு பாப்போம்" என்றார். நான் ஜன்னல் மூலையில் மல்லாந்து படுத்தேன். என்னைச் சுற்றிலும் கோடு போட்டார். கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் இருந்ததால் நெளிந்தேன். "அசையாத கயிதே" என்று அதட்டிவிட்டுத் திரும்பவும் போட்டார். எழுந்து பார்த்தால் தரையில் நானே கிடந்தேன். அன்றைக்கு அதைவிட நல்ல விளையாட்டு எனக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போய்த் திரும்புவதற்குள் குழாயைப் போட்டு சிமெண்ட்டும் பூசிவிட்டார்.

அடுத்து சுவர். அம்மா சாய்ந்து உட்காரும் சுவரில் குழாய் பதிக்க உளியால் நீளமாகக் காடி வெட்டிய பிறகுதான் குழாய் பத்தவில்லை என்றார் மாமா. வீடு திரும்பிய அம்மா, வெட்டிய சுவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "அளக்கத் தெரியாத இவனை நம்பி எவன்டா கப்பலை விடுறான்?" வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொன்னாள். மாமாவும் கூடச் சிரித்தார்.

தரை நன்றாகவே சுட்டது. அப்போதுதான் இஸ்திரி போட்ட துணியைத் தொட்டதுபோல் இருந்தது. பாப்பா அதன் மேல் மெத்தை விரிப்பில் கிடந்தாள், பூனைக்குட்டி அளவில். தெருப் பூனையும் வந்து படுத்தது. பக்கத்து வீட்டு மீன்கார அக்கா ஒரு முறம் நெத்திலியோடு வந்து நின்றாள்.

"வெயில்னு ஒண்ணு கண்ணுலயே காணோம், எல்லாம் ஊசிப் போவுது. ஓரமா இத்தினியூண்டு எடம் குடும்மா."

அம்மாவுக்கு மறுக்க வாய் வரவில்லை. வீடு முழுக்கக் கருவாட்டு வாசனை. வேலையிலிருந்து வந்த மாமா முறத்தைத் தூக்கி வெளியே வைத்தார்.

அன்றிரவு நான் யோசித்தேன். வீட்டில் குழம்பு இருப்பது ஒரு சட்டி. சூடும் அப்படித்தானே? நெத்திலி தின்றது போக, பூனை தின்றது போக, மிச்சம்தான் பாப்பாவுக்கு. சூடும் அப்படித்தானே? நான் படுக்கும் ஜன்னல் மூலையும் கதகதப்பாக இருந்தது. பாப்பாவுடைய சூடு ஒழுகி என் பக்கம் வருகிறது, நான் படுத்துப் படுத்து அதைத் திருடுகிறேன் என்று முடிவு கட்டினேன். அம்மாவின் பக்கத்து இடம் பறிபோன கோபத்தில் இருந்தவள் நான். திருட்டு எனக்குப் பிடித்தும் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்கு மணி அடித்தபோது தரை ஜில்லென்று கிடந்தது. விடியலில் கொட்டிய மழை கொல்லைப் பள்ளத்தை நிரப்பி அடுப்பை அணைத்துவிட்டது. பாப்பாவின் உதடு நீலம் பூத்திருந்தது. அம்மா அவளைத் தன் வெற்று மார்போடு அணைத்து, மேலே போர்வையைச் சுற்றிக்கொண்டு ஜெபமாலையை முணுமுணுத்தாள். அப்பா ஷிப்டில் இருந்தார். இரண்டு தெரு தள்ளியிருந்த மாமா முட்டியளவு தண்ணீரில் ஓடி வந்து, தகர டப்பாவால் பள்ளத்தை இறைக்கத் தொடங்கினார்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் சமையலறைக்குப் போய், ஈரத் தரையில் சட்டையோடு படுத்துக்கொண்டேன். அங்கே குழாய் கிடையாது. அங்கே இருந்தால் திருட முடியாது.

பள்ளத்தைச் சுற்றி மண் அணை கட்டி, புதுத் தூள் அடைத்து அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு மாமா உள்ளே வரும்போது மதியமாகிவிட்டது.

"இன்னாடி இங்க வந்து படுத்துகினு கீற? ஒடம்பு கொதிக்குது!"

"நான்தான் மாமா சூட்டையெல்லாம் தீத்துட்டேன். பாப்பா செத்துடும்" என்று ஓவென்று அழுதேன்.

மாமா சேற்றுக் கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பாப்பாவோடது வேற, உன்னோடது வேற கண்ணு. போய் உன் எடத்துல படு" என்றார்.

அழுகிற பிள்ளையைத் தேற்ற எல்லாரும் சொல்வதுதானே என்று நினைத்தேன். அவருக்காகத்தான் என் மூலைக்குத் திரும்பினேன். ஆனால் அன்று முதல் சூடு என் மேல் ஏறாதபடி கோணியை நாலாக மடித்துப் போட்டுப் படுத்தேன்.

பாப்பா பிழைத்தாள். நாற்பதாம் நாள் கோயிலில் அவள் வீறிட்டதில் சாமியாரே பிரசங்கத்தை நிறுத்தினார். கோடை வந்தது, பீப்பாய் காயலான் கடைக்குப் போனது. சுவரில் வெட்டிய காடி மட்டும் மூடப்படாமல் இருந்தது. அம்மா அதைக் காட்டிக் காட்டி, மாமா கண்ணை மூடும்வரை அவரைக் கேலி செய்தாள்.

தங்கையின் கல்யாணத்துக்காகப் பழைய தரையைப் பெயர்த்து மொசைக் போட ஆள் வைத்தோம். கொத்தனார் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது? பெரிய குழாய் அந்தப் பக்கமா போவுது. ஜன்னலாண்ட மட்டும் தனியா ஒண்ணு சுத்திகினு கீது?"

போய்ப் பார்த்தேன். ஜன்னல் மூலையில், ஏழு வயதுப் பிள்ளை ஒன்று மல்லாந்து படுக்கிற நீளத்துக்குச் செப்புக் குழாய் பச்சை பூத்து வளைந்து வளைந்து கிடந்தது. அம்மா வந்து அதைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த காடியைப் பார்த்தாள். அந்தப் பள்ளத்தில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நான் அந்தக் குழாயின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அன்று சாக்கட்டிக் கோட்டுக்குள் நெளிந்து சிரித்தவளுக்கு, மாமா தன்னை அளவெடுக்கிறார் என்று தெரியவில்லை.