லொறி புறப்பட்ட திதி

சகாராவுக்குள் ஒரு கிராமம். பத்து இருபது மண்வீடுகள், ஒரு கிணறு. எல்லை தாண்டும் லொறிக்காக நானும் என் கூட்டாளியும் அங்கே பதினாறு நாள் கிடந்தோம். லண்டனுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் எங்களை அந்த மணலில் கொண்டுவந்து இறக்கியிருந்தான். கூட்டாளியின் மனைவி ஏற்கெனவே லண்டனில், செவன் கிங்ஸ் பக்கம் இருந்தாள். அவன் அவளிடம் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான்.

லொறி வந்த அன்று அவனுக்கு வயிற்றோட்டம், எழுந்து நிற்கவே முடியவில்லை. மூட்டைகளுக்கு மேல் ஏறிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். விழுந்தவனுக்காக லொறி நிற்காது. இவனை யாராவது பிடித்துக்கொள்வீர்களா என்று சாரதி சைகையால் கேட்டான். நான் வேறு பக்கம் பார்த்தேன். அதோடு விட்டேனா? அவனுடைய தண்ணீர்க் கானையும் தூக்கிக்கொண்டேன். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

மூன்று மாதத்தில் லண்டன் வந்து அவளைப் போய்ப் பார்த்தேன். உயிரோடு விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. காய்ச்சலில் என் மடியிலேயே போய்விட்டான் என்றேன். மடியாம்! பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேண்டும் என்பார்கள், நன்றாகத்தான் பொருந்தியது. அழுது முடித்த பின், ஐயர் திதி கேட்பார் என்றாள். லொறி புறப்பட்ட நாளைச் சொன்னேன். வேறு எந்த நாள் எனக்குத் தெரியும்? அவனுக்குச் செய்த அந்தியேட்டிக் கிரியைச் சாப்பாட்டில் எனக்குத்தான் முதல் இலை. கடைசிவரை கூட இருந்த பிள்ளை என்று அவளுடைய சொந்தக்காரர் இரண்டாம் தரமும் பாயாசம் ஊற்றினார்கள். குடித்தேன்.

இரண்டு வருடம் கழித்து, அதே பாதையால் லண்டன் வந்து எட்மண்டனில் குடியேறிய ஒருவர் அவளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார். நாங்கள் புறப்பட்டு ஆறு மாதமான பிறகும் என் கூட்டாளியை அந்தக் கிராமத்தில் கண்டாராம். வருகிற ஒவ்வொரு லொறிக்கும் ஓடிப்போய், நான் ஆள் அனுப்பினேனா என்று கேட்பானாம். அவருக்கு அடுத்த லொறியில் வந்தவர்கள் அவனைப் புதைத்த இடத்தைத்தான் கண்டார்கள். எந்த நாள் செத்தான் என்று ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் இங்கே அவனுக்குப் படைத்த அன்று அவன் அங்கே பசியோடு இருந்திருக்கிறான். நான் ஈனப்பிறவி, வேறு சொல் இல்லை.

வாய்க்கு வந்தபடி ஏசுவாள் என்று காத்திருந்தேன். எனக்குப் போன் எடுத்தாள், குரலை உயர்த்தவே இல்லை.

"திதியை நான் மாத்தேல்லை அண்ணை. நீங்கள் விட்டிட்டு வந்த நாள்தான் அவர் செத்த நாள். வருசா வருசம் வந்து முதல் இலையில இருந்து சாப்பிடோணும்."

போகிறேன். அவளே பரிமாறுவாள். போதும் என்று கையை மறித்தாலும் விடமாட்டாள். நான் கடைசிப் பிடியையும் விழுங்கும்வரை எதிரே நின்று பார்ப்பாள்.