எங்க காம்பராவோட ரகசிய பாஷை

பக்கத்துக் காம்பராவுல மொளகா தாளிச்சா, எங்க வீட்டுல எல்லாருக்கும் தும்மல் வரும்...

இலங்கையில லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளிங்க இருக்கிற லயத்துல வரிசையா பத்து காம்பரா, குடும்பத்துக்கு ஒண்ணு. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேல இருக்கிற இடைவெளியில வாசமும் போகும், பேச்சும் போகும். அம்மாவுக்கு அதுதான் பெரிய ரோதனை. நம்ம கஷ்டம் அடுத்த வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு குசுகுசுன்னே பேசுவாங்க.

அதுக்கு அக்கா ஒரு வழி கண்டுபிடிச்சா. எங்களுக்குன்னு தனி பாஷை!

தோட்டத்துல வேலை வாங்குற கங்காணிக்குப் பேரு "கங்காரு". ஸ்கூல் புக்குல படம் பாத்து வச்சது. அப்பா கொஞ்சம் போட்டுட்டு தள்ளாடி வந்தா "தள்ளாப்பா". தம்பி சிரிச்சுக்கிட்டே இருந்து திடீர்னு அழுதா "சிரழுகை". தள்ளாப்பான்னு சொன்னதுக்கு அக்கா அம்மாகிட்ட முதுகுல ஒண்ணு வாங்கினா. அடுத்த வாரமே அம்மா வாயிலயும் அது வந்துருச்சு...

எழுபதுகள்ல அரிசித் தட்டுப்பாடு வந்தப்ப இன்னொண்ணு சேந்துச்சு. இங்கிலீஷ் "நோ"வையும் சோத்தையும் ஒட்டி "நோச்சோறு". சொல்லிச் சொல்லித் தேஞ்சு வெறும் "நோச்சு" ஆயிருச்சு. வீடு நோச்சுன்னா அன்னைக்கு மரவள்ளிக்கிழங்குதான். மத்த வார்த்தையை விட அதுதான் அதிகமா புழங்குச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை... அக்காவைப் பொண்ணு பாக்க அடுத்த வாரம் வர்றோம்னு சொன்ன அப்புத்தளைக்காரங்க, அந்த வாரமே பஸ்ஸு பிடிச்சு வந்துட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மாவும் மாமாவும். அம்மாவுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நல்ல எடம். மொத மொத வந்தவங்களுக்குக் கிழங்கையா வைக்கிறது?

அடுப்படியில அக்கா அம்மா காதுல சொன்னா.

"அம்மா... வீடு நோச்சு."

"தெரியும்டி. மெதுவா பேசு."

கொஞ்ச நேரத்துல பக்கத்துக் காம்பரா செல்லம்மா அத்தை வந்து நின்னாங்க. கையில மூடி போட்ட சட்டி.

"மதினி, உப்பு சரியா இருக்கான்னு கொஞ்சம் பாருங்க."

உள்ள சட்டி நிறைய சோறு. ஓரத்துல சின்னக் கிண்ணத்துல கருவாட்டுக் கொழம்பு. உப்பு பாக்க யாரு சட்டியோட சோத்தைக் கொண்டு வருவா? அம்மா வாங்கிக்கிட்டாங்க. வந்தவங்க திருப்தியா சாப்பிட்டாங்க. மாப்பிள்ளை அம்மா அக்கா தலையில பூ வச்சுட்டுத்தான் கெளம்பினாங்க.

அவங்க போனதுக்கு அப்புறம் அம்மா சட்டியைக் கழுவிக்கிட்டு இருந்தாங்க. லுணுகலை டவுனுக்குப் போயிருந்த செல்லம்மா அத்தை புருசன் அப்பத்தான் வீடு திரும்பினாரு. சுவருக்கு மேல தெளிவா கேட்டுச்சு.

"பசிக்குது, சோத்தைப் போடு."

"இன்னைக்கு நம்ம வீடு நோச்சுங்க..."

அவரு அப்படின்னா என்னன்னு கேக்கல. "சரி, தேத்தண்ணியாச்சும் குடு"ன்னாரு. அவ்வளவுதான்.

அம்மா, அக்கா, நான் மூணு பேரும் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்தோம். எத்தனை நாளாத் தெரியுமோ... எல்லாமே தெரிஞ்சிருக்கு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அம்மாவைப் பாத்ததும் நின்னு போச்சு.

ராத்திரிக்குன்னு எங்களுக்கு அவிச்சு வச்சிருந்த கிழங்கு எல்லாத்தையும் அம்மா அந்தச் சட்டியில போட்டுக் கொண்டு போனாங்க. வாசல்ல நின்னு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க.

"உப்பு சரியா இருந்துச்சு மதினி."

திரும்பி வந்து அக்காகிட்ட, "இனிமே தமிழ்லயே பேசுடி"ன்னாங்க.

அதோட எங்க பாஷை முடிஞ்சுது. அக்கா கல்யாணமாகி அப்புத்தளைக்குப் போயிட்டா. குசுகுசுப்பும் கொறைஞ்சு போச்சு...

இப்ப நான் கொழும்புல ஒரு ஃபிளாட்ல இருக்கேன். நல்ல கட்டடம், சுவரெல்லாம் கனம். போன மாசம் காய்ச்சல்ல அஞ்சு நாள் படுத்துக் கெடந்தேன், அக்கம்பக்கத்துல யாருக்கும் தெரியாது. அவங்களைக் குத்தம் சொல்ல முடியல. நாலு வருசமா பக்கத்து வீட்டுல சாப்பிட்டாங்களா இல்லையான்னு எனக்கும் தெரியாது.