தறிக்காரன் கையில் ஒரு போர்வை

ஆடியில் தொடங்கிப் பங்குனிவரை என் மனைவி தைத்த போர்வையின் மேல்துணியை என்னிடம் ஒப்படைக்க அவளுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. வலது தோள் இறுகிப்போய், முழங்கையை உடம்பைவிட்டு அகற்ற முடியாமல் ஆகிவிட்டது. மற்றபடி எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. நான் படித்த புத்தகங்களை அடுக்கினால் ஓர் ஆள் உயரம் வரும். தைத்த பொத்தான்களை அடுக்கலாம் என்றால் ஒன்றுகூட இல்லை.

பழைய பருத்திச் சேலைகளையும் சுடிதார்களையும் முக்கோணமாக வெட்டி, நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோத்திருந்தாள். எங்கள் கட்டிலின் அகலத்துக்கு வந்தது அந்த மேல்துணி. அதன் அடியில் பஞ்சு விரிப்பு, அதற்கும் அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால்தான் அது குவில்ட். வீட்டுத் தையல் மெஷினுக்குள் அவ்வளவு துணியைத் திணிப்பது ஆட்டோவுக்குள் பீரோவை ஏற்றுகிற வேலை. ஆகவே பட்டறைகள் நிறைந்த கணபதிப் பகுதிக்குப் போனோம். அங்கே ஒரு பழைய லேத் பட்டறையில் ஒரு பெண் போர்வை தைக்கிற லாங் ஆர்ம் மெஷின் வைத்திருந்தார். கற்றுக்கொடுத்து, மணிக் கணக்கில் வாடகைக்கும் விடுவார். எங்களைவிட வயதில் சிறியவர், குரலில் பெரியவர்.

மெஷினை ஒரு முறை சுற்றி வந்து பார்த்தேன். வீட்டு மெஷினில் ஊசி ஒரே இடத்தில் நிற்கும், துணி ஓடும். இங்கே துணி பந்தியில் உட்கார்ந்த சம்பந்தியைப்போல அசையாமல் கிடக்க, மெஷினின் நீண்ட கழுத்தும் தலையும் தண்டவாளத்தில் வந்து பரிமாறிவிட்டுப் போயின.

"புடிங்க சார். மொபெட் ஓட்டியிருப்பீங்கல்ல, அதே மாதிரித்தானுங்க" என்றார் மெஷின்காரம்மா.

முதலில் ஒரு பழைய வேட்டியில் பழகினேன். லைசென்ஸுக்கு எட்டுப் போட்டு இரண்டு முறை தோற்றவன், இங்கே முதல் முயற்சியிலேயே எட்டுப் போட்டேன். மெதுவாகத் தள்ளினாலும் வேகமாகத் தள்ளினாலும் தையல் ஒரே அளவில் விழுந்தது. என் தடுமாற்றத்தை எல்லாம் மெஷினுக்குள் ஒரு கருவி உட்கார்ந்து மன்னித்துக்கொண்டிருந்தது. இப்படி ஒன்று இளமையில் கிடைத்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

பிறகு அசல் துணியை உருளைகளில் ஏற்றினோம். மனைவி வெளிச்சத்தில் நூல் நிறம் பார்க்கப் போனாள். உருளையின் ஓரத்தில் பல்சக்கரம் ஒன்று இருந்தது. திருகினால் துணி இறுகும். நான் விசைத்தறி வீட்டில் பிறந்தவன். தறியில் பாவு நூல் தொய்ந்திருந்தால் எங்கள் அப்பாவுக்குச் சோறு இறங்காது. அப்பாடா, எனக்கும் தெரிந்த ஒரு வேலை வந்தது என்று கடக், கடக் என்று திருகினேன். தட்டிப் பார்த்தேன். மேளம்போல ஒலித்தது. பெருமையோடு கைப்பிடியைப் பிடித்து ஓட்டினேன்.

இரண்டாவது நட்சத்திரத்தின் நடுவில் 'டர்' என்றது. மூட்டுத்தையல் விட்டு, உள்ளிருந்து வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்தது.

மெஷின்காரம்மா ஓடி வந்தார். "ஏனுங்க, என்னத்துக்குங்க இந்த முறுக்கு? அடியில இருந்து விரலால தொட்டா மேல மொட்டு மாதிரி எந்திரிக்கோணுங்க. இதுல ஈ உக்காந்தாலே வழுக்கி உழுந்துபோடும்!"

மனைவி வந்து பார்த்தாள். "தறிக்காரரு ஊட்டுப் புள்ளைங்க அம்மணி. கயித்துக் கட்டில்ல படுத்தாக்கூட, எந்திரிச்சு இறுக்கிப்போட்டுத்தான் தூங்குவாரு" என்றாள். வாய்தான் சிரித்தது. கண் அந்தப் பஞ்சைவிட்டு நகரவில்லை.

"உட்டுரலாம். இவங்களே ஓட்டட்டும்" என்றேன்.

"நான் சுத்தமா முடிச்சுத் தந்துபோடறனுங்க" என்றார் மெஷின்காரம்மாவும்.

அவள் ஊசி கேட்டாள். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, குனிந்து, இழைகூடத் தெரியாதபடி அந்த மூட்டைத் தைத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு இடது கையால் பல்சக்கரத்தைத் தளர்த்தினாள்.

"ஓட்டுங்க."

"நானா?"

"பின்ன? இவங்க தெச்சா நல்லாத்தான் இருக்கும். யாரு தெச்சதுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது? என்ற கை வாராது, உங்குளுது வருதில்லீங்க?"

என் கைமேல் தன் இடது கையை வைத்தாள். துணி தளர்ந்து கிடந்தது. என் ரத்தம் அதைத் தவறு என்றது. அது சொன்னதைக் கேட்காமல் தள்ளினேன். மெஷின் வழுக்கிக்கொண்டு போனது. நூல் சுழித்துச் சுழித்துப் போன இடமெல்லாம், இத்தனை மாதம் தட்டையாகக் கிடந்த நட்சத்திரங்கள் பணியாரக் குழியில் மாவு எழும்புவதுபோல மெல்ல உப்பி எழுந்தன. மூன்று துணி போய் ஒரே பொருள் ஆகிக்கொண்டிருந்தது, அதுவும் என் கைக்குக் கீழே. பக்கத்துப் பட்டறை லேத் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. மூச்சுவிடவே பயமாக இருந்தது.

வரிசை முடிந்ததும் அடியில் கைவிட்டு விரலால் தொட்டாள். மொட்டு எழுந்தது. தையல் விட்டுப்போன அந்த நட்சத்திரத்தைத் தேடினேன். எதுவென்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"அடுத்ததுக்கு உருட்டுங்க" என்றாள். "இறுக்கிப்போடாதீங்க."