ஸ்க்ரூ இருந்தால்தான் நம்புவேன்

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டி நிறைய இரும்பு வளையங்களை ரிஜெக்ட் செய்தேன். ஒரே ஆளுடைய சரக்கு, இரண்டாவது முறையாக. கெத்தாகச் சிவப்பு டேக்கும் கட்டினேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பத்தியைக் கிறுக்குகிற நேரம் போக, ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். அதாவது, மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம். வீட்டில் அதையே இலவசமாகச் செய்வதாகப் புகார்.

பெட்டியை அனுப்பியவர் ஸ்டெல்லா. பேரிகை ரோட்டில் ஷெட் போட்டு இரண்டு லேத் ஓட்டுகிறார். எங்கள் கம்பெனி வேலையை நம்பித்தான் அந்த ஷெட்டே ஓடுகிறது. இன்னொரு முறை ரிஜெக்ட் ஆனால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். மதியமே வந்துவிட்டார்.

“என்னங்க சார் குறை?”

“பர் இருக்கும்மா.” பர் என்றால், வெட்டிய ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் பிசிறு.

“போன தடவை நீங்க சொன்னீங்கன்னு ஒரு வாரமா நானும் ஷெட்டுல வேலை பாக்குற ரெண்டு பொண்ணுங்களும் ஒவ்வொரு பீஸையும் கையில அரம் போட்டு ராவினோம் சார். விரலு வெச்சுப் பாத்தா வழுவழுன்னு இருக்குது.”

“விரல் பொய் சொல்லும். கேமரா சொல்லாது.” ரசித்து வேறு சொன்னேன்.

ஒரு வளையத்தை எடுத்துக் கேமராவுக்கு அடியில் வைத்தேன். மானிட்டரில் பெரிதாகத் தெரிந்தது. வலது ஓரத்தில் மெல்லிய நிழல். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஸ்டெல்லா வளையத்தை அரை வட்டம் திருப்பி வைத்தார்.

“பீஸு திரும்பிடுச்சு... பர் ஏன் சார் திரும்பல?”

நிழல் அதே வலது பக்கத்தில்தான் இருந்தது. அடுத்து மவுஸைப் பிடித்து மெதுவாக நகர்த்தினார்.

“உங்க அம்புக்குறிக்கும் பர் இருக்குது சார். அதையும் ரிஜெக்ட் பண்ணிடுங்க.”

எனக்குப் போன மாதம் நடந்தது ஞாபகம் வந்துவிட்டது.

புது மானிட்டர் வந்த நாள் அது. தூசிக்குப் பயந்து கம்ப்யூட்டரைப் பக்கத்து அறையில் வைத்திருக்கிறோம். நீளமான கேபிள் வேண்டும். சிஸ்டம் பார்க்கிற மஞ்சுநாத் ஒரு டிஜிட்டல் கேபிளோடு வந்தார்.

“இதுல ஸ்க்ரூ எங்கே?”

“ஸ்க்ரூ பேடா சார், வேண்டாம். சொருகினா போதும்.”

சொருகினால் போதுமா? சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் மெஷின் நாள் முழுக்க அதிர்கிறது. நான் மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூவையே மாதம் ஒருமுறை டைட் வைக்கிறவன்! பழைய அனலாக் கேபிளைத் தேடி எடுத்தேன். நீல முனை, இரண்டு பக்கமும் ஸ்க்ரூ. நீளம் போதவில்லை என்று நடுவில் ஒரு ஜாயின்ட். மஞ்சுநாத் தலையில் அடித்துக்கொண்டார். “நீளம் ஜாஸ்தி ஆனா படம் கலங்கும், ஓரத்துல நிழல் விழும் சார்...” அவர் கேபிளை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

அதற்கு முன்னால் ஸ்டெல்லாவின் பெட்டி ஒன்றுகூடத் திரும்பிப் போனதில்லை. இது என் மண்டையில் உறைக்க ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

டிராயரைத் திறந்தேன். மஞ்சுநாத் வந்து ஒரு சொருகு சொருகினார். அவ்வளவுதான் — ஓரம் கத்தி மாதிரி தெரிந்தது. நிழலும் இல்லை, பர்ரும் இல்லை.

கேபிள் கழலாமல் இருக்கிறதா என்று தினமும் பார்த்தேன். அதில் வருகிற படம் சரியா என்று ஒருநாளும் பார்க்கவில்லை. இல்லாத பிசிறை மூன்று பேர் ஒரு வாரம் ராவியிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது.

“ஸாரிம்மா” என்றேன், யாருக்கும் கேட்காத குரலில்.

“சத்தமா சொல்லுங்க சார். லேத்துச் சத்தத்துல எனக்குக் காது மந்தம்.”

சத்தமாகச் சொன்னேன். மொத்த டிபார்ட்மென்ட்டும் திரும்பிப் பார்த்தது. பெட்டியை பாஸ் செய்து கையெழுத்துப் போட்டேன். சிவப்பு டேக்கை அவிழ்த்து என் கையில் கொடுத்தார் ஸ்டெல்லா.

“இதை எதுல கட்டப் போறீங்க?”

பழைய கேபிளில் கட்டினேன். நியாயமாக என் கழுத்தில் கட்டியிருக்க வேண்டும்... அங்கே ஏற்கெனவே ‘குவாலிட்டி’ என்று ஒரு டேக் தொங்கிக்கொண்டிருந்தது.