கறுப்பி கவ்விய குட்டி

நான் சாய்ந்தமருதுக்காரன். வரிப்பத்தான்சேனையில் எங்களுக்கு வயல் இருக்கிறது. சில வருடங்களுக்கு முந்திய ஒரு மாரியில் நானும் மனைவியும் வயல் வாடியில், அதாவது காவல் குடிசையில், தங்கியிருந்தோம். காவலுக்கு நின்ற நாய் கறுப்பி, வைக்கோல் போருக்கடியில் ஐந்து குட்டிகள் போட்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை, அவள் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மழைக்குள் ஓடுவதைக் கண்டேன். பெற்ற குட்டியையே தின்னப் போகிறாள் என்று பயந்து, அதைப் பறித்துத் திரும்பவும் போருக்கடியில் வைத்தேன். அவளை வாடித் தூணில் கட்டிவிட்டேன். அவள் கத்திய கத்தல் கொஞ்சமல்ல. கடைசியில் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு பாய்ந்தாள்.

பின்னால் ஓடிப் பார்த்தேன். வரம்பை உடைத்து வந்த தண்ணீரில் போரின் அடி நனைந்து, குட்டிகள் விறைத்துப்போய்க் கிடந்தன. கறுப்பி ஒவ்வொன்றாகப் பிடரியில் பல் பதியாமல் கவ்வி, மேட்டில் நின்ற மருத மரப் பொந்துக்குக் கொண்டுபோனாள். ஐந்து தடவை போய்வந்தாள். பிறகு நக்கி நக்கி ஈரம் போக்கி, வயிற்றோடு அணைத்துச் சுருண்டு படுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஐந்தும் முனகிக்கொண்டு பால் குடித்தன. அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் சாகவில்லை.

"பெத்தவளுக்கா நீங்க புள்ள வளக்கப் படிச்சிக் குடுக்கப் போனீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஓம், பிழை என்னிலதான்" என்றேன்.

இப்போது நாய் குட்டி போட்டால் நான் கிட்டப் போவதில்லை. பழைய சட்டியில் கஞ்சி ஊற்றி வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். வயலுக்கு வருகிறவர்களிடம் மட்டும், "இவதான் எங்கட கறுப்பி" என்று பெருமையாகக் காட்டுகிறேன்.